சில்லறை ஞாபகம்

ரன் என்றால் என்னவென்று தூத்துக்குடிக் கரையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கிரிக்கெட் மட்டையைத்தான் தூக்கிக் காட்டும். இரண்டு கல்லுக்கு நடுவே ஓடி முடித்தால் ஒரு ரன். அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனால் இங்கிலீஷ்காரன் அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூக்கை ஒழுகவிடுவான், கடையை நடத்துவான், துணியில் சாயத்தைக் கரையவிடுவான், குழாயைத் திறந்துவிடுவான், கடைசியில் டீசலைத் தீர்த்தும் வைப்பான். "இது தரித்திரமா, சிக்கனமா?" என்று அமலோற்பவம் டீச்சர் வகுப்பில் கேட்பாள். பிள்ளைகள் சிரிக்கும். சிரிப்பதோடு சரி. மறுநாள் கேட்டால் மறுபடியும் மட்டைதான்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. நடக்கத் தொடங்கும் முன்பே காதில் மொழிபெயர்ப்புப் பொத்தானைச் செருகிவிடுகிற காலம் அது. எவன் எந்த மொழியில் பேசினாலும் காதுக்குள் தமிழாகத்தான் விழும். வேற்று மொழிச் சொல்லைப் பிடித்து வைக்கிற பழக்கமே மூளைக்கு விட்டுப்போயிற்று. ஆனால் கப்பல் வேலைக்கான பயிற்சிப் பள்ளியில் சேர, பொத்தானைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பரீட்சை எழுத வேண்டும். நடுக்கடலில் பொத்தான் செத்துப்போனால் கூடவே ஆளும் சாகக் கூடாது பாருங்கள். மீன் அற்றுப்போன அந்தக் கரையில் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பள்ளியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அதனால்தான் பொருளூட்டல் வந்தது.

அமலோற்பவத்தின் புருஷன் கஸ்பார், விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். எஞ்சினைத் தவிர மற்ற எந்த மிஷினையும் நம்பாத ஆள். பொருளூட்டல் என்றால் என்னவென்று ஒருநாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் கேட்டான்.

"அகராதில உள்ளதச் சொன்னா பிள்ளைங்க மண்டையில நிக்காது. பட்டுத் தெரிஞ்ச ஆளு மண்டையில இருந்து எடுத்துத்தான் ஊட்டணும்," என்றாள் அமலோற்பவம். "நான் மிஷினோட தொப்பிய மாட்டிக்கிட்டு நாக்காலில உக்காந்து, அந்தச் சொல்ல வாயால சொல்லிட்டு, அதுக்குத் தக்கன ஒரு ஞாபகத்த நெனைக்கணும். அது அப்படியே பிள்ளைங்க தொப்பிக்குள்ள போயிரும். பொறவு அந்தப் பொருள் அதுகளுக்குச் சாவுற மட்டும் மறக்காது."

"ஒனக்கு?"

"எனக்கு மறந்துரும்."

"சொல்லா?"

"சொல்லு எங்க போவுது? அந்த ஞாபகம் போயிரும்."

கஸ்பார் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டான். "இதென்னட்டி கூத்து! ஒரு நகல் எடுத்துக்கிட ஏலாதா?"

"நகல்னா பிள்ளைங்க மூளை ஒட்டவிட மாட்டேங்குதாம். விடுங்க, என் சொத்தையா எழுதிக் குடுக்கேன்? பஸ்ஸ விட்டது, பால் பொங்குனது... இப்படிச் சில்லறை ஞாபகமாப் பாத்துக் குடுத்தா ஆச்சு."

சில்லறை ஞாபகம் என்ற பேச்சு எல்லா டீச்சர்மாரிடமும் இருந்தது. கல்யாண நாளையோ பிள்ளை பெற்ற நாளையோ எவளும் கொடுக்கவில்லை. பெரியவற்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, உதிரியாகக் கிடப்பதைக் கொடுத்தார்கள். யார்தான் வேறு மாதிரி செய்வார்கள்?

முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. பஸ்ஸும் பாலும் பிள்ளைகளிடம் ஒட்டவேயில்லை. மனம் ஒட்டாத ஞாபகத்தை மிஷினும் சட்டை செய்யாதாம். பிறகு என்ன மாயமோ, மழைக்காலம் தொடங்கும்போது அவள் வகுப்புப் பிள்ளைகள் 'ரன்'னைப் பிய்த்து உதறின. மூக்கு ஒழுகுவதற்கு ஒரு ரன், கடை நடத்துவதற்கு ஒரு ரன், சாயம் போவதற்கு ஒரு ரன் என்று வரிசையாகச் சொல்லின. பொருளூட்டல் நாளில் அமலோற்பவம் வீட்டுக்கு வரும்போது முகம் குளித்து எழுந்த மாதிரி இருக்கும். மகள் போனதிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கஸ்பார் பார்த்ததில்லை. பாடம் நடத்திய பெருமை என்று நினைத்துக்கொண்டான். நினைத்துச் சந்தோஷமும் பட்டான், பாவம்.

மகள் பெயர் ரோசிட்டா. புதுநன்மை என்று கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய வருஷமே மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள்.

கல்லறைத் திருநாளன்று இருவரும் வழக்கம்போல மகள் கல்லறையைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் கஸ்பார் ஒரு கதை சொல்லுவான். அழுகை வருவதற்கு முன்னால் சிரித்துக்கொள்ள ஒரு வழி அது.

"அந்தச் செவப்புப் பாவாடைய என் வெள்ளச் சட்டையோட முக்கி வச்சாளே! சட்டை பூரா ரோஸ் கலரு. 'பஞ்சுமிட்டாய் மாரி இருக்கியப்பா'ன்னு சொல்லி, அதையே போட வச்சுல்லா என்ன ஹார்பருக்கு அனுப்புனா!"

இந்த இடத்தில் அமலோற்பவம், "நீங்களும் வெக்கமில்லாமப் போனிய" என்று சொல்ல வேண்டும். எல்லா வருஷமும் அதைத்தான் சொல்லுவாள். இந்த வருஷம் அவள் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள்:

"அப்படியா? எப்ப?"

கஸ்பார் அவள் பக்கம் திரும்பினான். "ஏட்டி, நீதான அந்தச் சட்டையப் புழிஞ்சு காயப்போட்ட?"

அவள் கல்லறைமேல் கிடந்த பூவைச் சரிசெய்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. சாயம் போவதற்கு ஒரு ரன்.

"அதையா குடுத்த?"

"பஸ்ஸும் பாலும் ஒட்டலங்க. பரீட்சை வருது, பிள்ளைங்க முழிக்கி. இவளோடத நெனைச்சதும் ஒடனே போயி ஒட்டிக்கிச்சு."

"வேற எதக் குடுத்த?"

"எல்லாம் சில்லறைதான். இவளுக்குச் சளி பிடிச்சு மூக்க என் சேலையில தொடச்சதாம். சோழியப் பரப்பிக் கடை வச்சு வெளையாண்டதாம். குழாயடியில என்னமோ. இதெல்லாம் பள்ளிக்கூடத்துல மிஷின ஓட்டுத கோகிலவாணி சொல்லித்தான் எனக்கே தெரியும்." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "பெருசு எதையும் தொடலங்க. இவ பொறந்தது, ஞானஸ்நானம், புதுநன்மை, ஆஸ்பத்திரி, எல்லாம் பத்திரமா இருக்கு."

"அமலி, என்னப் பாரு. இவ சிரிச்சா எப்படி இருக்கும்?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். "பல்லு தெரியும்," என்றாள்.

எல்லாப் பிள்ளைக்கும்தான் பல்லு தெரியும். கஸ்பார் நடுக் கல்லறைத் தோட்டத்தில், ஊர்ச் சனம் பார்க்க, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பிள்ளை என்பது பிறந்த நாளிலும் செத்த நாளிலுமா இருக்கிறது? அந்த ஒழுகின மூக்கில் அல்லவா இருந்தது! உதிரி என்று இவள் அள்ளிக் கொடுத்ததுதான் மகள். பத்திரமாக வைத்திருந்தது வெறும் தேதிகள்.

மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனான். பொருளூட்டல் மிஷினைப் பார்த்துக்கொள்கிற கோகிலவாணி கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். பார்த்தால் சண்டை போட மனசு வராத சாந்தமான முகம். கஸ்பார் போட்டான்.

"எம் மகள எடுத்து ஊருக்குப் பந்தி வச்சிட்டியளே! திருப்பி எடுங்க."

"பால்ல கரைஞ்ச சக்கரையத் திருப்பி எடுக்க முடியுங்களா சார்? அந்தக் கொழந்தைங்களுக்கு இப்ப அது சொந்த ஞாபகமாட்டத்தான் இருக்கும். பிடுங்கினா அதுங்க மனசுதான் கிழியும்," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "டீச்சர்கிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டேனுங்க. பாப்பாவோடது வேண்டாங்க, வேற நெனைங்கன்னு. கேட்டாத்தானே?"

"இன்னும் எத்தனை பாக்கி?"

"ஒரே ஒரு பொருள்தானுங்க. ரன் அவுட். தீர்ந்து போறதுன்னு அர்த்தம். நாளைக்கு அதையும் ஊட்டிட்டா இந்தச் சொல்லு முடிஞ்சுதுங்க."

"அதுக்கு எதக் குடுக்கப் போறாளாம்?"

கோகிலவாணி தொப்பியின் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "டீச்சர்கிட்ட இனி பெருசு மட்டுந்தானுங்க இருக்கு. ஆஸ்பத்திரியில கடைசி நாளு. அதைத்தான் சொல்லியிருக்காங்க."

கஸ்பார் வீட்டுக்குப் போனதும் போகாததுமாகக் கத்தினான். அமலோற்பவம் அமைதியாகத்தான் இருந்தாள்.

"அது போயிட்டா எனக்கு நல்லதுதானங்க? அதத்தான் ராவும் பகலுமா பாத்துக்கிட்டுக் கெடக்கேன். சிரிச்ச முகமெல்லாம் போயிட்டு, அந்தக் கட்டில் மட்டும் மிச்சம் இருக்கு."

அந்தப் பேச்சு அவனை உலுக்கிவிட்டது. கோபமெல்லாம் வடிந்து அவளை அணைத்துக்கொண்டான். ஆனாலும் கேட்டான். "ஒனக்கு நல்லதுட்டி. அந்தப் பச்சப் பிள்ளைங்களுக்கு? நம்ம ரோசி வயசுதான அதுகளுக்கும்? ஒரு சொல்லு படிக்கிறதுக்கு, பெத்த பிள்ள கையில சாவுறதையா அதுக மண்டையில ஏத்துவ?"

அமலோற்பவத்தின் முகம் செத்துவிட்டது. அவள் அப்படி யோசித்திருக்கவில்லை. டீச்சராக இருந்தும் யோசிக்கவில்லை.

"நான் குடுக்கேன்," என்றான் கஸ்பார். "நடுக்கடல்ல டீசல் தீந்து நின்னிருக்கேன். ரன் அவுட்டுக்கு அதவிடப் பொருத்தமா ஒண்ணு வேணுமா? போனா மயிராச்சு."

"ஒட்டாதுங்க. மனசுல தைச்சதாத்தான் இருக்கணும்."

"தைச்சதுதான். அன்னைக்குச் செத்துருவோம்னே நெனைச்சோம்."

அவனிடம்தான் மகள் முழுசாக இருந்தாள். சிரிப்பு, அடம், பஞ்சுமிட்டாய், எல்லாம். இனி அந்த வீட்டில் அவள் இருக்கிற ஒரே இடம் அவன் மண்டைதான். அதைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, தினம் கொஞ்சமாக அமலிக்குக் கதையாகவாவது சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தான்.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் தொப்பி மாட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தன. மெக்கானிக் மாமா டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததில் அதுகளுக்கு ஏகக் கொண்டாட்டம்.

"மாமா, ரன் அவுட்டுன்னா ஸ்டம்ப அடிக்கதுதான?" என்றாள் முன்வரிசைச் சகாயஜெனி.

"அதுவுந்தான் மக்கா. இது வேற. கையில இருந்தது தீந்து போறது."

"மிட்டாய் தீந்து போற மாரியா?"

"அதே மாரிதான். பேசாம இரு, சொல்லுதேன்."

கோகிலவாணி அவன் வலது கையில் ஒரு விசையைக் கொடுத்தாள். "பெருவிரல அழுத்துனீங்கன்னா நின்னு போயிருங்க. டீசல் தீர்ந்துச்சா, அதோட அழுத்திருங்க சார். அதுக்கப்புறம் நடந்ததுக்குப் போகாதீங்க. முக்கியமா பாப்பாவ நெனைக்காதீங்க."

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்றானாம் வைத்தியன். அந்தக் கதை தெரியாத தமிழன் இல்லை. தெரிந்தும் குரங்கை நினைக்காமல் மருந்து குடித்தவனும் இல்லை.

"ரன் அவுட்," என்றான் கஸ்பார்.

ஞாபகம் என்றால் எப்போதும்போல மங்கலாக, அரைகுறையாக வரும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அப்படி வரவில்லை. வகுப்பறை போய்விட்டது. பிடரியில் வெயில் சுட்டது. டீசல் நாற்றம் மூக்கில் ஏறியது. பக்கத்தில் படகுக் கூட்டாளி அந்தோணிப்பிச்சை வலைமேல் படுத்துக் குறட்டை விட்டான். அவன் செத்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது! ஆனாலும் குறட்டை விட்டான். எஞ்சின் இருமியது, இழுத்தது, நின்றது. கஸ்பார் குச்சியை டாங்கில் விட்டுப் பார்த்தான். காய்ந்த குச்சியாக வந்தது. கடல் சத்தம் மட்டும் கேட்டது. எங்கிருந்தோ பிள்ளைகள் ஒரே குரலில் "ரன் அவுட்" என்று சொல்வது அவன் காதில் விழுந்தது. ஒட்டிவிட்டது. அழுத்த வேண்டியதுதான்.

பெருவிரல் விசையின் மேல்தான் இருந்தது. ஆனால் அந்தப் படகை அன்று சாயந்தரம் வேறொரு படகு கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்ததே! ஞாபகம் தன் பாட்டுக்குக் கரைக்கு வந்துவிட்டது. கரையில் சனம் கூடி நின்றது. சனத்தைப் பிளந்துகொண்டு, செருப்பு இரண்டையும் கையில் பிடித்தபடி, தண்ணீரை எத்திக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள்.

"எப்பா..." என்று கத்திக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் அவன் இடுப்பில் முட்டி ஏறினாள். அந்தக் கனம்! எத்தனை வருஷமாகக் கையில் இல்லாத கனம். தலையில் தேங்காயெண்ணெய் வாசம், கழுத்தில் மணல், கன்னத்தில் எச்சில். "ஏம்ப்பா லேட்டு? நான் அழவே இல்ல தெரியுமா?" என்று அழுதாள்.

அப்போதுதான் கஸ்பாருக்கு விளங்கியது. அடிப்பாவி அமலி, இதற்குத்தானா! பிள்ளைகள் படிக்க வேண்டும், பரீட்சை வருகிறது என்றதெல்லாம் உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதற்குத்தான் அவள் ஒவ்வொரு தடவையும் இந்த நாற்காலிக்கு ஓடி வந்திருக்கிறாள். ஒரே ஒரு முறை மகளை உயிரோடு தூக்கிக்கொள்ள. தூக்கிய பிறகு அது தன்னிடம் இருக்காது என்று தெரிந்தும்தான் தூக்கியிருக்கிறாள்.

விசையை அழுத்தினால் இவள் மங்கிப்போன படமாக மண்டைக்குள் திரும்பிவிடுவாள். மிச்ச நாளெல்லாம் வைத்துக்கொள்ளலாம். அழுத்தாவிட்டால் இப்போது, இந்த நிமிஷம், கையில் இருப்பாள். யோசித்து முடிவெடுக்கிற விஷயமா அது? ஓடி வந்து மடியில் ஏறிய பிள்ளையை எந்தத் தகப்பன் இறக்கிவிடுவான்? பெருவிரல் தன்னால் விலகிவிட்டது. இரண்டு கையும் பிள்ளையை இறுக்கிக்கொண்டன. அவளும் விடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, மழையில் நனைந்தவளாக, தூக்கக் கலக்கத்தில் அடம்பிடிப்பவளாக, கோபித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பவளாக, வந்துகொண்டே இருந்தாள். அவன் எல்லாரையும் வாரி எடுத்தான்.

வெகு தூரத்தில் கோகிலவாணி பதறுவது கேட்டது. "டீச்சர், நிறுத்தறேனுங்க! எல்லாம் போகுதுங்க!"

"இரு தாயி," என்றது அமலோற்பவத்தின் குரல். "கொஞ்ச நேரம் பாத்துக்கிடட்டும்."

தொப்பியைக் கழற்றியபோது கஸ்பார் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். தூங்கி எழுந்தவன் மாதிரி வகுப்பைச் சுற்றிப் பார்த்தான்.

"முடிஞ்சிட்டா? டீசல் கதைய ஒழுங்காச் சொன்னனா?"

"சொன்னிய," என்றாள் அமலோற்பவம். அவன் முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "அவளப் பாத்தியளா?"

"எவள?"

"ரோசியங்க. நம்ம மகள."

கஸ்பாருக்கு ரோசி என்று ஒரு மகள் இருந்ததும், காய்ச்சலில் செத்ததும் தெரிந்தது. முன்பு குடியிருந்த வீட்டின் கதவு எண் தெரிவது மாதிரி தெரிந்தது. சட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"பாத்திருப்பேன்போல. கழுத்தெல்லாம் நனைஞ்சு கெடக்கு," என்றான்.

அமலோற்பவம் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். இனி அவர்களில் ஒருவர் மற்றவருக்குச் சொல்ல எந்தக் கதையும் இல்லை. அதை நினைத்துத்தான் அவள் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவனும் கேட்கவில்லை.

மணி அடித்து வெகுநேரமாகியும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, கூச்சல் கும்மாளம் ஒன்றும் இல்லாமல், தெருவையே பார்த்து நின்றன. ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் அப்படிச் சத்தமில்லாமல் நிற்பதைக் கஸ்பார் பார்த்ததே இல்லை.

"யாரத் தேடுத மக்கா? அம்மா வரலியா?" என்று சகாயஜெனியிடம் கேட்டான்.

அந்தச் சின்னப் பெண் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் லேசாக விரித்து வைத்திருந்தாள், யாரோ வந்து ஏறிக்கொள்ளப் போகிற மாதிரி.

"எம் பிள்ள மாமா," என்றாள். "இப்ப ஓடி வந்துருவா."

கஸ்பாருக்கு ஏனோ அந்தப் பிள்ளைமேல் ரொம்ப இரக்கமாக இருந்தது. அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

"வருவா மக்கா, வருவா. வெயில்ல நிக்காத, இப்படி நெழலுக்கு வா," என்று சொல்லிவிட்டு, அவனும் ஒருதரம் தெருவை எட்டிப் பார்த்தான்.